கடலுக்குள் போன கமராக்கள்: முதல் கமரா வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு

நிலாவெளியிலோ பாசிக்குடாவிலோ சுழியோடப் பழகிவிட்டு வருகிற ஆக்களிடம், கரையேறிக் கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "தண்ணிக்குள்ள கொண்டுபோக என்ன கமரா வாங்கலாம்?" இப்ப அதுக்குப் பதில் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மெகாபிக்சல், விலை, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்றெல்லாம் விளக்கமாகச் சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி வேறொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இதற்கு முதல் கடலுக்குள் கமரா கொண்டுபோனவர்கள் எதைத் தெரிவு செய்தார்கள்? ஏன்? முக்கியமாக, எங்களுடைய கடலின் அடியை யார் படம் எடுத்தார்கள்?

இந்த வரலாற்றைப் பார்த்தால், என்ன வாங்குவது என்பதும் தெளிகிறது. எதற்காக வாங்குவது என்பதும் தெளிகிறது. இரண்டாவதுதான் எங்களுக்கு முக்கியமாகப்பட்டது.

கமராவுக்கு முதல்

கடலடியை முதலில் பார்த்தவர்கள் சுழியோடிகள். மன்னார் வளைகுடாவில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி பகுதிகளில் நடந்த முத்துக்குளிப்புக்கு இலங்கைக் கரையிலிருந்தும், கீழக்கரை போன்ற தமிழ்நாட்டுக் கரையூர்களிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்தும் ஆக்கள் வந்தார்கள். காலில் கல், இடுப்பில் கூடை, மேலே கயிறு பிடிக்க ஒருவர். ஒரு மூச்சில் இறங்கி, ஒரு நிமிடமளவில் சிப்பி அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த வருமானத்தை எண்ணி எண்ணிக் கணக்கு எழுதி வைத்தார்கள். படகு எத்தனை, சிப்பி எத்தனை, ஏலம் போன விலை எவ்வளவு என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. கீழே இறங்கியவர் கண்ணால் என்ன கண்டார் என்பது மட்டும் பெரும்பாலும் பதிவாகவில்லை.

எங்களுடைய கடலின் உட்புறத்தை முதலில் படமாக்கி அச்சில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஓவியர், பாரன் ஓய்கன் வொன் ரான்சொனே. 1860களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்த இவர், கண்ணாடி யன்னல் வைத்த இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்வித்து, அதற்குள் இருந்தபடி கடலுக்குள் இறங்கினார். முருகைக்கற்களையும் மீன்களையும் அங்கேயே இருந்து பென்சிலால் வரைந்தார். 1867இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய இலங்கை நூலில் அந்தக் கடலடிக் காட்சிகளும் இருக்கின்றன.

ஒரு பக்கம், வருசக்கணக்காக அந்த ஆழத்தில் வேலை செய்தவர்கள். அவர்களிடமிருந்து படம் எதுவும் இல்லை. மறுபக்கம், சில காலம் மட்டும் இறங்கிப் பார்த்த ஒரு பிரபு. அவருடைய படம் நூலகங்களில் இருக்கிறது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூண்டைச் செய்விக்கக் காசு வேண்டும். வரைந்ததை அச்சிட ஆள்பலம் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு பிறகு வந்த கமராவோடும் சேர்ந்தே வந்தது.

வெளிச்சத்தோடு நடந்த சண்டை

1856இல் இங்கிலாந்தின் வேமத் குடாவில் வில்லியம் தொம்சன் என்ற சட்டத்தரணி ஒரு கமராவைப் பெட்டிக்குள் வைத்து, படகிலிருந்து கடலுக்குள் இறக்கினார். அவர் தண்ணிக்குள் இறங்கவே இல்லை. பல நிமிடங்கள் திறந்து வைத்து எடுத்த படம். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தும் ஏதோ ஒரு மங்கலான காட்சி பதிவாகியது. நீரடிப் படம்பிடிப்பின் வரலாற்றில் முதல் முயற்சியாக இதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அந்த முதல் கமராவுக்குள்ளேயே தண்ணி போய்விட்டது என்பதை, இன்று கமரா வாங்குகிற எல்லோரும் ஒருதரம் நினைத்துக்கொள்வது நல்லது.

கமராவோடு மனிதனும் சேர்ந்து இறங்கிய கதை 1893இல் தொடங்குகிறது. பிரான்சின் தென்கோடியில் உள்ள பன்யுல் என்ற ஊரின் கடல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த உயிரியலாளர் லூயி பூட்டான், தலைக்கவசம் போட்ட சுழியோடி உடையோடு இறங்கிப் படம் எடுத்தார். கமராவை வடிவமைக்க அவருடைய சகோதரர் உதவினார். இயற்கை வெளிச்சத்தில் ஒரு படத்துக்கு அரை மணித்தியாலம் வரைகூடத் தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் எந்த மீன் அசையாமல் நிற்கும்? அதனால் வெளிச்சத்தைத் தாங்களே கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒக்சிசன் நிரப்பிய ஒரு பெரிய மரப்பீப்பாய். அதற்கு மேலே கண்ணாடிக் கூட்டுக்குள் எரிகிற மதுசார விளக்கு. அந்தச் சுவாலைக்குள் மக்னீசியத் தூளை ஊதினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஒரு படத்துக்காகப் பீப்பாயையே கடலுக்குள் இறக்கினார்கள். 1900இல் பூட்டான் வெளியிட்ட நூல், நீரடிப் படம்பிடிப்புப் பற்றி வந்த முதல் முழு நூலாகக் கருதப்படுகிறது.

1926இல் வில்லியம் லோங்லி என்ற மீனியலாளரும், நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் சார்ள்ஸ் மார்ட்டினும் புளோரிடாவுக்கு அருகில் நிறப்படம் எடுத்தபோதும் இதே பாடுதான். மேலே மிதக்கிற தெப்பத்தில் மக்னீசியத் தூளை வெடிக்க வைத்து, கீழே இருந்து மீனைப் படம் பிடித்தார்கள்.

இந்தப் பாட்டுக்கெல்லாம் காரணம் தண்ணீரின் இயல்பு. ஒளி நீருக்குள் போகப் போக முதலில் சிவப்பு குறைகிறது. ஐந்து மீற்றரிலேயே வித்தியாசம் தெரியும். பத்து மீற்றரைத் தாண்டினால் சிவப்பு பெரும்பாலும் இல்லை. இன்னும் ஆழத்தில் கையில் வெட்டுப்பட்டால், வடிகிற இரத்தமே பச்சை கலந்த கறுப்பாகத்தான் தெரியும். இதோடு, தண்ணீரில் மிதக்கிற துகள்கள் காட்சியை மங்கலாக்கும். கமராவுக்கும் மீனுக்கும் இடையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ, அவ்வளவு நிறமும் தெளிவும் போய்விடும். பூட்டானுடைய காலத்திலும் இதுதான் விதி. இன்றைக்கும் இதுதான். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த விதியை மாற்றித் தருகிற கமரா கிடையாது.

சுவாமிமலையின் அடியில்

1950களில் கதை எங்களுடைய கரைக்கு வருகிறது. பிரான்சில் ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யானும் 1943இல் உருவாக்கிய சுவாசக் கருவி, சுழியோடியைக் குழாயிலிருந்தும் இரும்புத் தலைக்கவசத்திலிருந்தும் விடுதலை செய்திருந்தது. கமராவையும் கையில் பிடித்தபடி மீனைப் போல நீந்தலாம் என்றாகிவிட்டது.

எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்தார்கள். கிளார்க் எழுதினார், வில்சன் படம் எடுத்தார். இவர்களுக்கு இலங்கைக் கடலைக் காட்டியவர்களில் முக்கியமானவர் ரொட்னி ஜொங்க்ளாஸ். இலங்கைப் பறங்கியர், மீன்களைப் பற்றிக் கற்றவர், அவர்கள் வருவதற்கு முதலே இந்தக் கடலைத் தெரிந்து வைத்திருந்தவர். உலகம் கிளார்க்கின் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஜொங்க்ளாஸின் பெயர் மீன் வளர்ப்பவர்களுக்கும் சுழியோடிகளுக்கும் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

இவர்கள் திருகோணமலையில் சுவாமிமலைக்குக் கீழே இறங்கியபோது, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடந்தன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகள் அவை. இடிக்கப்பட்ட கோயிலின் கற்கள் கோட்டை கட்டப் போன கதையும், மலையிலிருந்து கடலுக்குள் விழுந்த கதையும் திருகோணமலை மக்களுக்குப் புதிதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தவை. படம் வந்த பிறகுதான் வெளியுலகத்துக்கு அது 'கண்டுபிடிப்பு' ஆனது. 1957இல் வெளிவந்த கிளார்க்கின் 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்ற ஆங்கில நூலில் இந்தத் தேடல் இடம்பெற்றது. வில்சன் கடலிலிருந்து எடுத்த லிங்கம் கோணேசர் கோயிலுக்குத் திரும்பப் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் வில்சனே சைவத் துறவியாகி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு வாழ்ந்தார் என்பது இந்தக் கதையின் எதிர்பாராத திருப்பம்.

இதே வில்சன் 1961இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கின் பக்கம் படம் எடுக்கப் போன இடத்தில் ஒரு கப்பற்சிதைவைக் கண்டார். அதில் ஒளரங்கசீப் காலத்து, சூரத்தில் அச்சிட்ட வெள்ளி ரூபாய்கள் கட்டியாக இறுகிப்போய்க் கிடந்தன. 1962இல் வெளிவந்த 'ரன் முத்து தூவ' என்ற முதல் சிங்கள நிறப்படத்தை இயக்கியவரும் அவர்தான். அதன் நீரடிக் காட்சிகளில்தான் இந்த நாட்டுச் சனங்களில் கனபேர் தங்களுடைய கடலின் உட்புறத்தை முதன்முதலாக நிறத்தில் பார்த்திருப்பார்கள்.

பெட்டியிலிருந்து கைக்கு

அந்தக் காலத்தில் நீரடிக் கமரா என்றால், தரையில் பாவிக்கிற கமராவை ஒரு பாரமான உலோகப் பெட்டிக்குள் பூட்டுவதுதான். கூஸ்டோவின் குழுவோடு வேலை செய்த பெல்ஜியப் பொறியியலாளர் ஜான் டி வூட்டர்ஸ் வேறு மாதிரி யோசித்தார். கமராவின் உடலே தண்ணி புகாததாக இருந்தால், பெட்டி எதற்கு? 1960ஆம் ஆண்டளவில் வந்த 'கலிப்சோ' கமரா அப்படிப் பிறந்தது. அந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்ட ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் 1963இல் 'நிக்கோனோஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. ஐம்பது மீற்றர் வரை அப்படியே கையில் கொண்டுபோகலாம். 1984இல் வந்த நிக்கோனோஸ் ஐந்தாம் மாதிரியோடு அது உலகம் முழுக்கச் சுழியோடிகளின் கமராவாகியது. 2001இல் உற்பத்தி நின்றது.

நிக்கோனோஸில் வசதி குறைவு. லென்சுக்குள்ளால் பார்க்க முடியாது. தூரத்தைக் கண்ணால் மதித்து, கையால் திருப்பி வைக்க வேண்டும். தண்ணிக்குள் பொருட்கள் கால்வாசி கிட்டவாகவும், மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தெரியும் என்பதால் அந்த மதிப்பீடும் லேசில்லை. படச்சுருளில் 36 படங்கள்தான். கீழே வைத்து மாற்ற முடியாது. இவ்வளவு குறை இருந்தும் நாற்பது வருசம் அது நின்று பிடித்தது. காரணம் எளிது: சின்னது, உறுதியானது, சுழியோடுகிறவரின் கைக்கு இடைஞ்சல் தராதது. கமராவைத் தாங்குகிற ஆளாக இல்லாமல், பார்க்கிற ஆளாக ஒருவரை அது விட்டது.

படம் இல்லாத வருசங்கள்

உலகத்தில் நீரடிக் கமரா சாதாரண ஆக்களின் கைக்கு வந்த அதே காலம், எங்களுடைய வடக்கு கிழக்குக் கடல் போர்க்கடலாக இருந்தது. மீன்பிடிக்கவே பாஸ், நேரக்கட்டுப்பாடு, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட கடலில் சிலிண்டரோடும் கமராவோடும் ஒரு தமிழ் இளைஞர் இறங்கியிருந்தால், அவரைப் பொழுதுபோக்குக்காரர் என்று யார் நம்பியிருப்பார்கள்?

இந்த இடைவெளியால் இழந்தது அழகான படங்களை மட்டுமில்லை. 1998இல் இந்து சமுத்திரம் சூடாகி முருகைக்கற்கள் வெளிறியபோது, ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பகுதியிலும் பெரும் அழிவு நடந்தது. திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. ஒரு கடலடி முதல் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று சொல்ல, ஒரே இடத்தில் வெவ்வேறு வருசங்களில் எடுத்த படங்கள் வேண்டும். புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இந்த நாற்பது வருசங்களுக்குள் அதன் முருகைக்கற்களுக்கு என்ன நடந்தது என்பதை, ஊர் ஆக்களே எடுத்த படங்களை அடுக்கி வைத்துப் பேசுகிற வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. அம்பாந்தோட்டைக்குக் கிட்ட கொடவாயவில், முப்பது மீற்றர் அளவு ஆழத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் வருசப் பழமையான கப்பற்சிதைவு ஒன்று இருக்கிறது. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய கப்பற்சிதைவுகளில் அதுவும் ஒன்று. அதை முதலில் கண்டவர்கள் ஆய்வாளர்கள் இல்லை, உள்ளூர்ச் சுழியோடிகள். பிறகுதான் தொல்லியலாளர்கள் கமராவோடும் அளவுநாடாவோடும் இறங்கினார்கள். முத்துக்குளிப்புக் காலத்துக் கதைதான் இங்கேயும்: கண்டவர் ஒருவர், பதிந்தவர் இன்னொருவர். நல்ல காலம், இங்கே இரண்டு தரப்பும் சந்தித்துக்கொண்டன. மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலும் முல்லைத்தீவிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிற எத்தனையோ பேர் தினமும் காண்கிற விஷயங்களுக்கு அப்படி ஒரு சந்திப்பு இன்னும் நடக்கவில்லை.

சரி, என்ன வாங்கலாம்?

இப்ப கடைக்கு வருவோம். புதிதாகச் சுழியோடப் பழகுகிறவருக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன: கோப்ரோ மாதிரியான சின்ன அக்ஷன் கமரா; ஒலிம்பஸ் டஃப் வரிசை மாதிரியான தண்ணி புகாத கொம்பக்ட் கமரா; தரையில் பாவிக்கிற பெரிய கமராவை நீரடிக் கூட்டுக்குள் போடுவது. கோப்ரோவின் முதல் மாதிரி 2004இல் வந்தபோது அதுவும் படச்சுருள் போடுகிற கமராதான் என்பது இன்று கனபேருக்குத் தெரியாது.

முதலில் பார்க்க வேண்டியது ஆழக் கணக்கு. ஆரம்பப் பயிற்சி முடித்தவர் போகக்கூடிய எல்லை 18 மீற்றர். டஃப் வரிசையின் பிந்திய மாதிரிகள் கூடு இல்லாமல் 15 மீற்றர் வரைதான் தாங்கும். பெரும்பாலான கோப்ரோக்கள் 10 மீற்றர். அதாவது, பெட்டியில் 'வோட்டர்புரூஃப்' என்று எழுதியிருந்தாலும், நீங்கள் போகிற ஆழத்துக்கு அது போதாது. கமராவோடு கூட்டுக்கும் சேர்த்தே காசு ஒதுக்க வேண்டும். தொம்சனின் பெட்டிக்குள் போன தண்ணீர் இன்றைக்கும் போகும்: கூட்டின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிரோ ஒரு மணலோ இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துடைத்துப் பார்ப்பதும், மேலே வந்ததும் நல்ல தண்ணியில் ஊறப்போடுவதும் கமராவின் விலையைவிடப் பெறுமதியான பழக்கங்கள்.

இரண்டாவது, வெளிச்சம். பூட்டானின் பீப்பாய் இன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற விளக்காகிவிட்டது. கையில் இருக்கிற காசு கமராவுக்கும் விளக்குக்கும் போதவில்லை என்றால், ஒரு படி குறைந்த கமராவை எடுத்து, மிச்சத்தை விளக்கில் போடுங்கோ. பழைய மாதிரி, இரண்டாம் கைக் கமரா என்றாலும் பரவாயில்லை. கூடு கிடைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. விளக்கைக் கமராவோடு ஒட்டி நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால், துகள்கள் பனி மாதிரிப் படத்தில் விழுவது குறையும். விளக்கே இல்லையென்றால் ஆழம் குறைந்த இடத்தில், வெயில் ஏறின நேரத்தில் எடுக்கலாம். எப்படியானாலும் கிட்டப் போக வேண்டும். தூரத்து மீனை 'சூம்' பண்ணினால் மீனோடு சேர்த்து நடுவிலுள்ள தண்ணீரும் பெரிதாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, உங்களுக்கு எது பிடிக்கும் என்பது. முருகைக்கல்லில் ஒட்டி வாழ்கிற சின்ன உயிர்களைப் பார்ப்பதில் ஆசை என்றால், மிகக் கிட்ட வைத்து எடுக்கக்கூடிய கொம்பக்ட் கமரா நல்லது. ஆமை, மீன்கூட்டம், கப்பற்சிதைவு என்று அகலமான காட்சியும் வீடியோவும் என்றால் அக்ஷன் கமரா போதும். பாசிக்குடாவுக்கு அருகில் கிடக்கிற 'பிரிட்டிஷ் சேர்ஜன்ட்' கப்பலைப் படம் எடுக்கிற ஆசை கனபேருக்கு உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல் அது. அது கிடப்பது ஆரம்பப் பயிற்சிக்காரருக்கான எல்லையைத் தாண்டிய ஆழத்தில். அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலோ ஐம்பது மீற்றருக்கும் கீழே. கமரா தாங்கும் என்பதற்காக உடம்பு தாங்காது.

பெரிய கமராவை ஆரம்பத்தில் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமும் உடம்புதான். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஒருவரின் இரண்டு கையிலும் கமரா இருந்தால், அவர் காற்றுமானியைப் பார்க்க மாட்டார்; கூட வந்தவரைப் பார்க்க மாட்டார்; காலால் முருகைக்கல்லை உடைப்பார். ஒரு கொப்பு உடைய ஒரு நொடி போதும். அது திரும்ப வளர வருசங்கள் வேண்டும். அவசரமாக மேலே ஏறினவர்களுக்கு என்ன நடக்கும் என்பதைக் கடலட்டைக்கு இறங்கி, கால் வழங்காமல் வீட்டோடு இருக்கிறவர்களின் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். முதல் கொஞ்ச நாள் கமரா இல்லாமலே இறங்குங்கோ. கை சும்மா இருந்தும் உடம்பு அசையாமல் மிதக்கப் பழகிய பிறகு வாங்கலாம்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

ரான்சொனேயின் ஓவியமும் வில்சனின் படமும் இன்றும் பயன்படுவதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. எந்த இடம், எந்தக் காலம் என்பது அவற்றோடு சேர்ந்தே இருக்கிறது. முகநூலில் போட்டு, விருப்பக்குறி எண்ணி, போன் மாறும்போது தொலைந்துபோகிற படத்துக்கு அந்த ஆயுள் கிடையாது.

ஆகவே எங்களுடைய பரிந்துரை இது. சின்னக் கமரா, நல்ல கூடு, ஒரு விளக்கு, ஒரு கொப்பி. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் திகதி, இடம், ஆழம், தண்ணீரின் தெளிவு, கண்ட உயிர்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கோ. அதே பாறையை அடுத்த வருசமும் அதே பக்கத்திலிருந்து எடுங்கோ. பழைய கல்லோ, மரமோ, சாடியோ கண்டால் தொடாமல் படம் எடுத்து, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. எடுத்த படங்களை அந்தக் கடலில் தொழில் செய்கிற ஒருவரிடம் காட்டி, "இதுக்கு இஞ்ச என்ன பேர்?" என்று கேளுங்கோ. மீனுக்கும் பாறைக்கும் நீரோட்டத்துக்கும் அவர்களிடம் இருக்கிற பெயர்கள் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அந்தப் பெயரையும் சொன்னவரின் விருப்பத்தோடு கொப்பியில் எழுதுங்கோ.

முத்துக்குளித்த காலத்தில் சிப்பியை எண்ணினவர்கள் இருந்தார்கள். சுழியோடியிடம் என்ன கண்டாய் என்று கேட்டு எழுதியவர்கள் குறைவு. இப்ப கமரா எங்களுடைய கையிலும் இருக்கிறது. அந்தக் கேள்வியை இனி நாங்கள்தான் கேட்க வேண்டும்.